எடுத்தவரின் பெயர்

சவப்பெட்டியை மூட வந்தவர்களை நிற்கச் சொல்லிவிட்டு, மங்கையற்கரசி மாலைகளுக்குள் கையை விட்டுத் துழாவினாள். கணவரின் விரல்களுக்கடியில் கிடந்த கறுப்புக் கல் அகப்பட்டது. எலுமிச்சம்பழ அளவுதான்.

“அம்மா, அப்பா ஆசையா வச்சிருந்த கல்லெல்லே. நான்தான் வச்சனான்,” என்றான் மகன் ஜனார்த்தன்.

“கொப்பர் ஆசைப்பட்டா அது அவரின்ர கல்லாகிடுமோ? எரிக்க விடமாட்டன்.”

மூன்று வருடத்துக்கு முன் அவுஸ்திரேலியாவில், கடலோரத்தில் தனியே நின்ற ஒரு மலையைப் பார்க்கப் போயிருந்தார்கள். ‘எங்களைப் பெற்றவள் இவள்தான்’ என்றாள் வழிகாட்டியாக வந்த ஆதிக்குடிப் பெண். மங்கையற்கரசிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். மனுசனோ கும்பிட்ட கையோடு ஒரு கல்லைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கனடாவில், மார்க்கம் நகர வீட்டுச் சாமியறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துத் திருநீறும் பூசினார். பக்தி முற்றினால் களவும் பூசையாகிவிடும் போலிருக்கிறது. திருப்பி அனுப்பச் சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆளா அவர்?

போன கிழமை ஆஸ்பத்திரியில்தான் அவளின் கையைப் பிடித்தார். “உந்தக் கல்லைத் திருப்பிக் குடுத்துவிடும். கேக்காமல் எடுத்துப்போட்டன்.”

தகனம் முடிந்து வீட்டுக்கு வந்து முழுகியதும், அந்த வழிகாட்டிப் பெண்ணுக்கு வீடியோவில் அழைப்பு எடுக்கச் சொன்னாள் மகனிடம். அங்கே மறுநாள் காலை. அந்தப் பெண் மலையடியில் நின்றாள். மலையைக் காட்டப் பின்னால் பின்னால் நடந்தும் உச்சி திரைக்குள் அடங்கவில்லை. மங்கையற்கரசி தன்னையறியாமல் கதிரையை விட்டு எழுந்துவிட்டாள்.

“பாசலில அனுப்பினாலும் போதுமாம் அம்மா.”

“தாயிட்டைப் பிள்ளையைப் பாசலிலயோ அனுப்புறது? நான் கொண்டுவாறன் எண்டு சொல்லு.”

அந்தப் பெண் ஏதோ கேட்டாள். “எடுத்த ஆளின்ர பேரை மலைக்குச் சொல்லவேணுமாம்,” என்ற ஜனார்த்தன், சொல்ல வாயெடுத்தான். அம்மா அவன் கையை அமத்தினாள்.

நாற்பத்தொரு வருடம். இஞ்சாருங்கோ, ஜனாவின்ர அப்பா, இவர். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டால் அவரின் ஹெல்த் கார்ட்டை நீட்டுவாள். காலையில் ஐயருக்கும் மகன்தான் சொன்னான்.

“நான் சொல்லுறன்,” என்றாள்.

“ஜெயரட்ணம்.”

அந்தப் பெண் மலைப்பக்கம் திரும்பி, நாக்குத் தடக்கத் தடக்க அதையே சொன்னாள். காற்று மட்டும் இரைந்தது.

ஜனார்த்தன் போனை நிறுத்தப் போனான்.

“பொறு,” என்றாள் மங்கையற்கரசி. மலையின் தோளில் கிடந்த முகில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.