எட்டு எண்ணினால் ஒன்று

…இதோ இன்னொன்று, அழுத்தினார், சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தணும், அவ்வளவுதான் பரீட்சை, இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வில் இருபத்தாறு வருஷமாக ‘இசையுணர்வு’ என்ற கட்டத்தில் மார்க் போட்டுவரும் நடுவரைப் பீரோ அளவு அறையில் அடைத்து, தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டுப் போய்விட்டாள் காது சோதிக்கும் பெண், என்ன கொடுமை… இசையுணர்வு ரத்தத்தில் இருக்கணும் என்று எத்தனை மேடையில் முழங்கியிருக்கிறார், உங்க ரத்தத்துல சர்க்கரைதான் இருக்கு என்பாள் மனைவி, அவள்தான் இங்கே இழுத்துவந்தது, என் பேச்சு மட்டும்தான் கேக்காதுன்னு நெனச்சேன், வாசல் மணியும் கேக்கலையே… சத்தம் மெல்லிசாகிறது, ஆகட்டுமே, எட்டு எண்ணினால் ஒன்று, எட்டு எண்ணினால் ஒன்று, சத்தம் விடுகிறவளுக்கே தெரியாத தாளம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது, ஆறு, ஏழு, எட்டு, அழுத்தினார், கேட்டதா? கேட்டது, வெகுதூரத்தில், நூல் மாதிரி, பிறத்தியாருக்குக் கேட்காதது கேட்பதுதானே இசையுணர்வு! நேற்று தையல்காரர் மகள் பாடினாள், மேல்ஸ்தாயிக்குப் போனதும் குரலே இல்லை, நாலு மார்க், கூட இருந்த டீச்சர், எனக்கு நல்லாக் கேட்டுதே சார் என்றாள், உனக்குக் காது பத்தாதும்மா என்று அவள் வாயை அடைத்தார், சாயங்காலம் பட்டியலில் கையெழுத்துப் போடணும்… ஏழு, எட்டு, அழுத்தினார்.

கதவு திறந்தது. “சார், கடைசியா ஒம்பது தடவை எதுக்கு அழுத்தினீங்க?”

“கேட்டுதேம்மா. ரொம்ப மெல்லிசா.”

“நான் சத்தமே விடலை சார். முடிச்சுட்டு, பிரிண்ட் போட்டுட்டிருந்தேன்.” காகிதத்தில் பாதி வழியில் குப்புற விழுந்த கோட்டைக் காட்டினாள். “கீச்சுன்னு வர்ற மேல்சத்தம் எல்லாம் உங்களுக்குக் கேக்காமப் போய் அஞ்சாறு வருஷம் இருக்கும்.”

அஞ்சாறு வருஷம், அப்படியென்றால் எத்தனை பிள்ளைகள், பத்துக்குப் பத்து வாங்கியதுகள் பாடியதில் எவ்வளவு அவரே போட்டு நிரப்பியது… வெளியே மனைவி எழுந்து ஏதோ கேட்டாள், சரியான இடத்தில் தலையாட்டினார், சரியான இடத்தில் சிரித்தார், அவளும் நம்பிவிட்டாள், இத்தனை வருஷமும் இப்படித்தானா? சட்டைப்பையில் பட்டியல் இருந்தது, பேனாவும் இருந்தது, நாலை அடித்துவிடலாம், அடித்துவிட்டு என்ன போடுவது, ஏழா, ஒன்பதா, அந்தப் பெண் மேலே போய் நிஜமாக என்ன பாடினாள் என்று யாரைப் போய்க் கேட்பது… டீச்சரையா? பேனா காகிதத்தின் மேல் நின்றது, ஆறு, ஏழு, எட்டு, பொத்தானே இல்லாத இடத்தில் விரல் தானாக அழுத்தியது.