வண்டியில் இருந்த அளவுகள்

பட்டறை வயர்க்காரர் காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து கேபிளைச் சொருகினார். கேபிள் ஒரு சின்னப் பெட்டிக்கும், அங்கிருந்து லேப்டாப்புக்கும் போனது. இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டருக்குள் புகுந்து அதன் அளவுகளைத் திருத்துகிற பெட்டி அது. சிக்னலில் நின்றால் கார் அணைந்துபோகிறது என்று அவள் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தாள்.

“சாவியைப் போடுங்கக்கா. ஸ்டார்ட் பண்ண வேணாம்.”

திரையில் ஒரு கேள்வி வந்தது. வண்டியில் உள்ள அளவுகளும் லேப்டாப்பில் உள்ளவையும் ஒத்துப்போகவில்லை, எதை வைத்துக்கொள்வது? அந்தப் பட்டறையில் யாரும் அதைப் படிப்பதில்லை. லேப்டாப்பில் உள்ளதை அழுத்திவிட்டு, கார் கம்பெனி வைத்த அளவிலிருந்து வேலையைத் தொடங்குவார்கள். அவர் விரலும் அங்கேதான் போனது.

“இருங்க. அதை அழுத்தினா வண்டியில இருக்கறது போயிடுமா?”

“மொத்தமா போயிடும். ஏன்க்கா?”

“எங்க வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்தது.”

கணவருக்கும் இதுதான் தொழில். அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆன சமயம், கார் லேசாகக் குலுங்கினாலே தையல் இழுக்கும். பல நாள் மாலையில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் பாயாமல் மெல்ல நகரும்படி மாற்றிக் கொடுத்தார். அப்புறம் அவருக்கு வேறு ஊர், வேறு வீடு. போனில் பேசுவதும் போன வருடத்தோடு நின்றுவிட்டது.

“அப்ப அதை முதல்ல லேப்டாப்புல காப்பி எடுத்துக்கலாம்.” தட்டிப் பார்த்துவிட்டு வயர்க்காரர் சிரித்தார். “மனுஷன் பீரோ மாதிரி பூட்டி வெச்சிருக்காரு. பாஸ்வேர்ட் கேளுங்க.”

அவள் காரிலிருந்து இறங்கி, போனில் கணவரின் எண்ணைத் தேடி எடுத்தாள். அழைத்தாள். உடனே எடுத்துவிட்டார்.

“சொல்லு.”

அவள் போனை வயர்க்காரரிடம் நீட்டினாள்.

“சார், பட்டறையிலேருந்து பேசறேன்… ஆமா சார், சிக்னல்ல நின்னுடுது… ஓ, மிதிக்காதப்ப ஓடற ஸ்லோ ஸ்பீடை நீங்கதான் குறைச்சீங்களா… ஏத்திடறேன் சார். பாஸ்வேர்ட் மட்டும்…”

எண்களைத் தட்டினார். பிறகு பேச்சு பேட்டரிக்குப் போனது, அங்கிருந்து கேபிள் விலைக்கு. “அநியாயம் சார்,” என்று வயர்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் போனுக்காகக் கையை நீட்டியபடி நின்றாள். என்ன சொல்வது என்று அதற்குள் யோசித்தும் வைத்துவிட்டாள்: தழும்பு இப்போது வலிப்பதில்லை.

போன் கைக்கு வந்தபோது அழைப்பு முடிந்திருந்தது.

“வேற ஏதாவது சொன்னாரா?”

“பேட்டரியை மாத்தச் சொன்னாருக்கா. வேலை தெரிஞ்ச மனுஷன்.” அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். “பூட்டு திறந்தாச்சு. ஸ்லோ ஸ்பீடை மட்டும் ஏத்தறேன். மிதிக்கு அவர் போட்டது அப்படியே இருக்கட்டுமா?”

அவள் திரையில் இருந்த எண்களைப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை.

“வேணாம். காப்பியும் எடுக்க வேணாம். கம்பெனி அளவையே போட்டுடுங்க.”

“இதுக்கா இவ்வளவு நேரம்?” என்றார், கோபமில்லாமல். பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு பச்சைக் கோடு நீளத் தொடங்கியது. “இது முடியறவரைக்கும் சாவியைத் தொடாதீங்க. லைட்டு, ரேடியோ எதுவும் போட வேணாம்.”

அவர் டீ குடிக்கப் போய்விட்டார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தாள். கோடு பாதியைத் தாண்டியிருந்தது.