கீழே இருப்பவனைத் தொடக்கூடாது

தனியார் காவல் கம்பெனி அலுவலகத்தின் வெளித் தாழ்வாரத்தில் கிடந்த பெஞ்சில் அமோடிங் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முதுகு சுவரில் படவில்லை. பழுப்புச் சீருடைக்கு முந்தின நாளே கஞ்சி போட்டு, கரி இஸ்திரியால் மடிப்பு கலையாமல் தேய்த்திருந்தாள். பூட்ஸைத் துடைத்த துடைப்பில் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். பெல்ட்டைப் புதுத் துளையில் மாட்டியிருந்தாள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்ததிலிருந்து வயிறு ஒட்டிப் போயிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நபிர்யேக்கு அவளைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

"யூனிஃபார்ம் போடாதீங்க, சாதா பாவாடை சட்டையில வாங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல?"

"விசாரணைன்னா சீருடையிலதான் நிக்கணும்."

"அது பட்டாளத்துல அக்கா."

"வேற எந்த விசாரணையை நான் பாத்திருக்கேன்?" என்றாள் அமோடிங்.

நபிர்யே வக்கீல் இல்லை. தொழிலாளர் அலுவலகத்தில் பல வருஷம் குமாஸ்தாவாக இருந்தவள். ஜிஞ்ஜா ஊர்ச் சந்தைத் தெருவில், முடி திருத்தும் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை பிடித்து, பட்டாளத்தை விட்டு வந்தவர்களுக்கு வேலை தேடித் தருவாள். வேலையில் வம்பு வந்தால் கூடவே போய் நிற்பாள். மூன்று வருஷம் நிலையான வேலை இல்லாமல் கிடந்த அமோடிங்கை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அவள்தான். முடிக்குப் போடும் தைலத்தின் வாடை எப்போதும் அவள் துணியில் ஒட்டியிருக்கும்.

"இன்னொரு தடவை சொல்லுங்க, கேப்போம்" என்றாள்.

அமோடிங் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். "திரானிக்குக் காய்ச்சல்னு கண்ட்ரோல் ரூமுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். மாத்து ஆள் கேட்டேன். அனுப்பல."

"அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். மழையைப் பத்திக் கேட்டாலும் இதே பதில், மாட்டைப் பத்திக் கேட்டாலும் இதே பதில். அவங்க ஃபோன்லயே நீங்க கூப்பிட்டது பதிவாயிருக்கு, மறுக்க முடியாது. ஆள் அனுப்பாதது அவங்க தப்பு. புரியுதா?"

"புரியுது."

நடந்தது இதுதான். ஊருக்கு வெளியே உள்ள எண்ணெய்க் கிடங்கில் அன்று ராத்திரிக் காவல் அமோடிங்கும் திரானியும். முன்கேட்டுக்கு ஒருவர், பின்வேலிக்கு ஒருவர். திரானி வரும்போதே மலேரியாவில் பற்கள் அடித்துக்கொள்ள வந்தான். அமோடிங் ஃபோன் பண்ணினாள். "ஆள் இல்ல, சமாளிங்க" என்று பதில் வந்தது. திரானியைக் காவல் அறையில் சாக்கை விரித்துப் படுக்க வைத்தாள், தன் ஸ்வெட்டரைப் போர்த்தினாள், இரண்டு பக்கமும் தானே நடந்தாள். முன்கேட்டில் ஒரு லாரியை உள்ளே விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பின்வேலியை அறுத்து எண்ணெய்ப் பெட்டிகளைத் தூக்கிப் போய்விட்டார்கள்.

களவு போனதைக்கூட ஒருவேளை பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் 'காவலில் கவனக்குறைவு' என்று சொல்லி வேலையை விட்டு நீக்கிவிட்டால், அந்தப் பேர் ஊரில் உள்ள எல்லாக் காவல் கம்பெனிக்கும் போய்விடும். பிறகு எவனும் படியேற விடமாட்டான். அமோடிங்குக்கு வயது நாற்பத்து மூன்று. துப்பாக்கி பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. சந்தையில் தக்காளி விற்றுப் பார்த்தாள், பேரம் பேசுகிறவர்களை அதட்டியே வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டாள்.

கேட்டிலிருந்து திரானி மெதுவாக நடந்து வந்தான். காய்ச்சல் விட்டிருந்தாலும் கண்கள் குழிவிழுந்து கிடந்தன. விசாரணை முடியும்வரை அவனை அலுவலக கேட்டிலேயே பகல் காவலுக்குப் போட்டிருந்தார்கள். கையில் காகிதப் பொட்டலத்தில் வறுத்த கடலை வைத்திருந்தான்.

"சாப்பிடு அக்கா. காலைல ஒண்ணும் தின்னிருக்க மாட்டே."

"கேட்ட விட்டுட்டு எதுக்கு வந்தே?"

"அக்கா, நானே உள்ள வந்து சொல்லிடறேன். படுத்தது நான்தானே? என்னைத் தூக்கட்டும், உன்னை விடட்டும்."

"வாயத் தொறந்தே, பல்லப் பேத்துருவேன். குழந்தை பொறந்து இன்னும் பேர்கூட வைக்கல, பெரிய தியாகி! போ, போய் கேட்ல நில்லு."

திரானி பொட்டலத்தை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனான். அமைதிப்படையில் மொகதிஷுவுக்குப் போயிருந்தபோது அவள் படைப்பிரிவில் கடைசியாக வந்து சேர்ந்தவன் அவன். பதுங்குகுழியில் கிடந்து ஊர்ப் பாட்டுப் பாடி எல்லாரிடமும் திட்டு வாங்குவான். அவனையும் இந்தக் கம்பெனிக்கு இழுத்து வந்தது அமோடிங்தான். அந்த நினைப்புதான் அவளை இந்த இரண்டு வாரமாகத் தூங்கவிடாமல் செய்தது.

உள்ளே கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட மேனேஜர் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தார். அவர் இருப்பார் என்று நபிர்யே சொல்லியிருந்தாள். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருப்பார் என்று யாரும் சொல்லவில்லை. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். சட்டைக் கையை மடித்த விதத்திலேயே ஆள் யாரென்று தெரிந்தது. மேஜர் திபமன்யா. மொகதிஷுவில் அவர்கள் பட்டாலியனின் துணைத் தளபதி. பணி ஓய்வுக்குப் பிறகு கம்பெனி அவரை மேல் அதிகாரியாகச் சேர்த்துக்கொண்டிருந்தது.

அமோடிங்கின் குதிகால்கள் அவளைக் கேட்காமலே சேர்ந்தன. கை நெற்றிக்குப் போனது. மேஜர் எழுந்து நின்று, சரியான சல்யூட்டாகத் திருப்பி வைத்தார். பட்டாளத்தை விட்டு வந்த இத்தனை வருஷத்தில் அவளுக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை. அவளுக்கு நெஞ்சு லேசானது. நம்ம ஆள் இருக்கிறார், இனி பயமில்லை என்று தோன்றியது. நபிர்யேயைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் மட்டும் ஏனோ இருண்டிருந்தது.

"உக்காருங்க சார்ஜென்ட்."

"நிக்கறேன், அஃபாண்டே." பட்டாளத்தில் மேலதிகாரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மேஜர் சிரித்தார். "பாத்தீங்களா?" என்று மேனேஜரிடம் சொன்னார். "ஏர்போர்ட் ரோட்டுல குண்டு வெடிச்சப்ப இவங்க பிரிவு ஒரு அடி பின்னால வைக்கல. இந்த மாதிரி ஆளுங்க இருந்துதான் நாங்க ஊர் திரும்பினோம்."

நபிர்யே தொண்டையைச் செருமினாள். "சார், சம்பவத்தன்னைக்கு ராத்திரி இவங்க கண்ட்ரோல் ரூமுக்குப் பேசியிருக்காங்க. அந்தப் பதிவை முதல்ல..."

"மேடம், நீங்க பட்டாளத்துல இருந்தீங்களா?"

"இல்ல. ஆனா சட்டப்படி இவங்களுக்குத் துணையா வர எனக்கு..."

"வாங்க, இருங்க, யாரு வேண்டாம்னா? டீ சொல்லவா? நாங்க ரெண்டு பேரும் ஒரே பாஷை பேசறவங்க. கொஞ்சம் பேசிக்கறோம்." அவர் அமோடிங்கின் பக்கம் திரும்பினார். குரல் மாறியது. "சார்ஜென்ட், அன்னைக்கு ராத்திரி கட்டளை யாரு கையில?"

"என் கையில, அஃபாண்டே."

"திரானி யார் உத்தரவுல படுத்தான்?"

"என் உத்தரவு, அஃபாண்டே."

"அக்கா" என்றாள் நபிர்யே. "நாம பேசினதைச் சொல்லுங்க."

அமோடிங்குக்கு அந்த வாக்கியம் மறக்கவில்லை. நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் மேஜரின் முன்னால் நின்றபோது அது சாக்குப்போக்கு மாதிரிப் பட்டது. ஆள் கேட்டேன், வரவில்லை. எந்த சார்ஜென்ட் அப்படிச் சொல்வாள்? அதோடு அதைச் சொன்னால் அடுத்த கேள்வி திரானியைப் பற்றித்தான் வரும். காய்ச்சலோடு ஏன் வேலைக்கு வந்தான், ஏன் சொல்லவில்லை, எவ்வளவு நேரம் தூங்கினான் என்று அவனைக் கிளறுவார்கள்.

மேஜர் அவள் தயங்குவதைப் பார்த்தார். அவசரப்படுத்தவில்லை. "நம்ம வழக்கத்தை உனக்கு நான் சொல்லித் தரணுமா, சார்ஜென்ட்? மேல இருக்கறவ ஏத்துக்கிட்டா அதோட பேச்சு முடிஞ்சுது."

சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருமுறை அவள் பிரிவில் ஒருவன் வயர்லெஸ் பெட்டியைத் தொலைத்துவிட்டான். கர்னல் வரிசையை நிறுத்திக் கேட்டார். அமோடிங் ஓரடி முன்னால் வந்து, குற்றம் என்னுடையது என்றாள். கர்னல் அவள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார், வாரக்கணக்கில் கூடுதல் காவல் போட்டார். தொலைத்தவன் பேரை யாரும் கேட்கவே இல்லை. மேலே இருப்பவள் ஏற்றுக்கொண்டால் கீழே இருப்பவனைத் தொடக்கூடாது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் அதை மீறின அதிகாரியை அவள் பார்த்ததும் இல்லை.

"பின்வேலியில ஆள் இல்லாம போனதுக்குப் பொறுப்பு யாரு?"

நபிர்யே அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். கஞ்சி போட்ட துணி மொடமொடத்தது.

"நான்தான், அஃபாண்டே. முழுப் பொறுப்பும் என்னுடையது."

மேனேஜர் தட்டெழுத ஆரம்பித்தார். அவர் இதற்காகவே காத்திருந்தவர் போல வேகமாகத் தட்டினார். நபிர்யே எழுந்து நின்று, இதை ஒத்துக்கொள்ள முடியாது, கண்ட்ரோல் ரூமைக் கூப்பிடுங்கள் என்று சத்தம் போட்டாள். மேனேஜர் நிமிராமலே, "அவங்களே ஒத்துக்கிட்டாங்களே மேடம், அப்புறம் யாரைக் கூப்பிடச் சொல்றீங்க?" என்றார். அவர் காட்டின இடத்தில் அமோடிங் கையெழுத்துப் போட்டாள். மேஜர் மறுபடி எழுந்து நின்று சல்யூட் வைத்தார். "உன்னை மாதிரி ஆள் இந்தக் காலத்துல எங்க கெடைக்குது" என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார் என்று அமோடிங் நினைத்தாள்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் நபிர்யே பையைத் தரையில் போட்டாள்.

"ஒரு வரி, அக்கா. ஒரே ஒரு வரி! இதைச் சொல்ல வைக்க ரெண்டு வாரமா தொண்டை வறளக் கத்தினேன்."

"திரானி தப்பிச்சான்ல, விடு."

"தப்பிச்சான்னு அவரு சொன்னாரா?"

"சொல்லணுமா என்ன? அவரு மேஜர்."

"கம்பெனில ஏது அக்கா மேஜர்? உங்கள மாதிரி அவரும் சம்பளக்காரர். உங்க வாயைத் தொறக்க வைக்கத் தெரியும்னுதானே அவரை அந்த நாற்காலியில உக்கார வச்சிருக்காங்க!" நபிர்யேயின் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. அதை மறைக்க அவள் பையைக் குனிந்து எடுத்தாள். "நான் தொழிலாளர் ஆபீசுக்குப் போறேன். மனு குடுத்துப் பாக்கறேன். ஒத்துக்கிட்டவங்களுக்கு என்னத்த வாதாடறது, எனக்கே தெரியல."

அவள் போய் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டாள். அமோடிங் அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், நல்லவள், ஆனால் நம் வழக்கம் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டாள். வேலை போய்விட்டது. நாளைக்கு எந்த வாசலில் போய் நிற்பது என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டுக்கு நடந்தபோது தோள்கள் தொங்கவில்லை.

திரானி ஓடி வந்தான். "என்ன ஆச்சு அக்கா?"

"முடிஞ்சுது. நான் ஏத்துக்கிட்டேன். உன் பேர் வரல."

"அக்கா..."

"என்ன அழற? ஆம்பளதானே நீ? ஒழுங்கா வேலையப் பாரு. காய்ச்சல் வந்தா மருந்து தின்னு, பாட்டுப் பாடாத."

திரானி முகத்தைத் தொப்பியால் துடைத்துக்கொண்டான். "பொண்ணுக்கு உன் பேர்தான் வைக்கப்போறேன்."

"வேற நல்ல பேரே கெடைக்கலியாக்கும்" என்றாள் அமோடிங். ஆனால் சிரித்தாள். விசாரணைக் கடிதம் வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

சாலையில் கம்பெனியின் பிக்கப் வண்டி வந்து தடுப்புக்கு வெளியே நின்று ஹாரன் அடித்தது. திரானி தடுப்பைத் தூக்க ஓடினான். வண்டியின் பின்னால் இரண்டு பேர் தகரப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒட்ட வெட்டின முடியும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த விதமும் யாரென்று சொல்லிவிட்டன. அமோடிங் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எந்த பட்டாலியன்?"

ஒருவன் சொன்னான். அவள் சீருடையைப் பார்த்து மரியாதையாக எழுந்து நின்றான். "எங்க போய் வரிசையில நிக்கணும், அக்கா?"

"உள்ள, ஷெட் முன்னாடி. எப்பச் சொன்னாங்க உங்களுக்கு?"

"நேத்து மத்தியானமே மேஜர் ஃபோன் பண்ணிட்டாரு. காலைல வண்டி அனுப்பினாரு." அவன் முகமெல்லாம் பல்லாக இருந்தது. "கடவுள் கண் தொறந்துட்டாரு அக்கா. ஒரு வேலைகூட கெடைக்காம ரெண்டு வருஷமா சுத்தினோம். இப்ப ஒரே நேரத்துல ரெண்டு இடம் காலியாம்."

"ரெண்டா?" என்றாள் அமோடிங்.

"ஆமா. இந்தக் கேட்டுக்கு நான். ராத்திரிக் கிடங்குக்கு இவன்."

அவள் திரும்பினாள். திரானி தடுப்புக் கட்டையின் பின்கோடியில் தொங்கிய சிமெண்டுக் கட்டியைத் தன் முழு எடையும் போட்டு அழுத்தியிருந்தான். கட்டை உயர்ந்தது. ஈரக் கண்ணோடு சிரித்துக்கொண்டே, ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்தபடி, மறு கையால் வண்டியை உள்ளே வரச் சொல்லி வீசினான்.

"வாங்க தம்பிங்களா, வாங்க, வாங்க."