கிரேன்காரரின் சாப்பாட்டு டப்பா

"வாயைக் கட்டியிருந்தா இப்படிப் பொசுக்குனு போயிருப்பானா?" என்று அத்தை கேட்டபோது, மகள் கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் காலுக்குப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அத்தை கேட்டது என்னவோ பொதுவாகத்தான். பார்த்தது அம்மாவை.

அம்மா சமையலறைச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. இதயத்தைக் காப்பாற்ற மாத்திரையோடு நார்ச்சத்தும் வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அம்மா விடாப்பிடியாக நின்றாள். தவிடு எடுக்காத மாவில் ரொட்டி, கீரை, அவித்த பயறு, தோல் சீவாத ஆப்பிள். சாயங்காலம் டப்பா வழித்துத் துடைத்த மாதிரி திரும்பி வரும். "துணுக்குகூட மிச்சம் வைக்கல, பாரு" என்று மகளிடம் காட்டிப் பூரித்துப்போவாள். அந்த அம்மாவைத்தான் இப்போது வீடே கண்ணாலேயே விசாரித்துக்கொண்டிருந்தது.

மலர்வளையத்தோடு வந்திருந்த, அப்பா கிரேன் ஓட்டிய கட்டடத்தின் சூப்பர்வைசரும் தன் பங்குக்குத் தலையாட்டினார். "சாப்பாட்டுல அக்கறையே இல்லாத மனுஷன்மா. தினம் வெறும் பன்னுதான். நானே பார்த்திருக்கேன்."

மகளுக்குச் சுருக்கென்றது. பன்னா?

அந்த நேரம் பார்த்து 'விசில்' உள்ளே வந்தான். கீழே நின்று விசிலும் கையுமாக அப்பாவின் கிரேனுக்குச் சைகை காட்டுகிறவன். அம்மாவின் முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதான். "அண்ணி, உங்க கைச் சாப்பாடு தின்னுதான் எனக்கு பிரஷர் குறைஞ்சுது. இனிமே எனக்கு யாரு தருவா?"

நன்றி சொல்வதாகத்தான் நினைத்தான், பாவம். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மகள் அவனைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"அப்பா ஏன் சாப்பிடல?"

"ஆசையாத்தான் பார்ப்பாரு. ஆனா தின்னா வயிறு சும்மா இருக்குமா? கக்கூஸ் கீழ இருக்கு. அம்புட்டு உயரத்துல இருக்குற கிரேன் கூண்டுலேருந்து ஏணியில இறங்கணும், மறுபடி ஏறணும். ஒரு நாள் அப்படி இறங்கினப்ப வேலை நின்னு போச்சு. இந்த சூப்பர்வைசர் வாக்கி டாக்கியில, 'குழந்தைக்கு அவசரமாம், எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்கப்பா'ன்னாரு. சைட்டே சிரிச்சுது. அதுக்கப்புறம் அண்ணன் டப்பாவை என் கையில குடுத்துட்டுத்தான் மேல ஏறுவாரு. தண்ணிகூடத் தொண்டை நனைக்கத்தான். வீட்டுல சொல்லிடாதேன்னாரு."

லீவு நாட்களில் அப்பா கீரையை அள்ளி அள்ளித் தின்றது மகளுக்கு நினைவுக்கு வந்தது. அக்கறை இல்லாத மனுஷனாம். பிணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்ல எப்படி வாய் வந்தது? அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் அம்மா சாய்ந்திருக்கிறாள் என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டுவிடுவது என்று மகள் வெளியே வந்தாள். சூப்பர்வைசர் காலியான தண்ணீர் பாட்டிலோடு எதிரே வந்தார்.

"பாத்ரூம் எந்தப் பக்கம்மா?" என்றார் தணிந்த குரலில்.

மகள் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். தாங்க வந்த அத்தையின் கையை விலக்கிவிட்டு நடந்து, பாத்ரூம் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"அவரை எடுத்தப்புறம் போங்க" என்றாள்.

"இல்லம்மா, கொஞ்சம் அவசரம்..."

அம்மா கால்களை நன்றாக நீட்டிக்கொண்டாள்.