நான்காம் பிரிவும் நாலரை மணிப் பேருந்தும்

வெரெனாவின் உணவகத்துக்கு எதிரே இனிமேல் பேருந்து நிற்காது என்று தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. ஊராட்சி எழுத்தர் நான்தான் என்பதால், அதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற பாவமும் என் தலையில் விழுந்தது. அவளிடம் சாப்பிட வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பேருந்தில் வந்து இறங்கும் மலையேறிகள். பேருந்து போனால் அவள் அடுப்பும் அணைந்துவிடும்.

"இந்தப் பேச்சு வந்தப்பவே மூணு தடவ எழுதிப் பாத்தாச்சு, கேப்ஹார்ட். ஒருத்தனும் மதிக்கல. நீதான் பெரிய சட்டப் புலியாச்சே, ஏதாவது வழி சொல்லேன்" என்றாள். எங்கள் ஊரில் நாட்டை ஆளும் இளவரசரைத் தவிர எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான்.

அன்று வியாழக்கிழமை. பாலாடைக்கட்டி உருக்கிப் புரட்டிய மாவுத்துணுக்கும் ஆப்பிள் கூழும் வாரம் தவறாமல் அவளிடம்தான் சாப்பிடுவேன். வயிறு நிறைந்தால் எனக்கு வாய் நிற்காது. அரசியலமைப்பை ஆதியிலிருந்து ஆரம்பித்தேன்.

"ஆயிரத்து எழுநூத்திப் பன்னெண்டுல இளவரசர் குடும்பம் நம்ம தலைநகர் ஃபாடூட்ஸ விலைக்கு வாங்குச்சு. எதுக்கு? அப்ப இருந்த பேரரசர் சபையில உக்கார ஒரு நாற்காலிக்காக. வாங்கிப் போட்டுட்டு நூறு வருசத்துக்கு மேல எட்டிக்கூடப் பாக்கல."

"மனை வாங்கிப் போடுறவன் எல்லாம் அப்படித்தான். நீ பேருந்துக்கு வா."

"வர்றேன். தொள்ளாயிரத்து இருபத்தொண்ணுல இப்ப இருக்கிற அரசியலமைப்பு வந்துச்சு. ஒரே வண்டிக்கு ரெண்டு கடிவாளம். ஒண்ணு இளவரசர் கையில, இன்னொண்ணு மக்கள் கையில. நாடாளுமன்றம் போடுற சட்டத்த அவரு தடுக்கலாம். மக்கள் நெனச்சா முடியாட்சியே வேண்டாம்னு வாக்குப் போடலாம்."

"பேருந்து, கேப்ஹார்ட்!"

"இரு. ரெண்டாயிரத்து மூணுல நாலாம் பிரிவுல ஒண்ணு சேத்தாங்க. எந்த ஊராட்சியும் நாட்ட விட்டு விலகிக்கலாம். அங்க குடியிருக்கிற வாக்காளர்ல பாதிக்கு மேல சரின்னுட்டா, வேலைய ஆரம்பிச்சிரலாம்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று அப்போதே தெரிந்தது.

மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கத் தொடங்கினாள். "தனி நாடானா நம்ம ஊருக்கு வர்றது வெளிநாட்டுப் பேருந்து. அதுக்கு எப்படி நிறுத்தம் இல்லாமப் போகும்?" என்பது அவள் வாதம். பால்பண்ணைக்காரர் கடற்படைத் தளபதி பதவி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எங்களைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் இரண்டு நாடு தாண்டாமல் கடல் கிடையாது. அது தெரிந்தும், படகு வாங்கித் தருவதாக அவள் வாக்குக் கொடுத்தாள்.

எங்கள் ஊர்த்தலைவர் ஏவால்டுக்கு இதெல்லாம் கூத்தாகப் பட்டது. "மொத்தம் முந்நூத்திப் பன்னெண்டு வாக்காளர். நூத்தம்பத்தேழு கையெழுத்து காட்டு, நான் வாக்கெடுப்பு நடத்துறேன். திங்கக்கிழம பத்து மணி வரைக்கும்தான் கெடு. அப்புறம் இந்தப் பேச்சே கூடாது" என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெரெனா மூச்சிரைக்க வந்து நோட்டை என் மேசையில் போட்டாள். ஏவால்ட் பக்கத்தில் நின்று பார்க்க, மூன்று தடவை எண்ணினேன். நூற்றைம்பத்தாறு. சரிபாதி.

"ஒண்ணுதானே? பேனாவக் குடு" என்று சிரித்தபடியே என் சட்டைப் பையிலிருந்து அவளே பேனாவை உருவினாள்.

என் வாழ்க்கையில் சட்டம் படித்ததற்காக நான் வெட்கப்பட்டது அந்த ஒரு நொடிதான்.

"வெரெனா, நீ போட முடியாது. நீ சுவிஸ்காரி."

ஏவால்ட் வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அந்த நொடி வரை எங்கள் யாருக்குமே அது ஞாபகம் இல்லை. அவளுக்கே இல்லை.

"ரைன் ஆத்துக்கு அந்தக் கரையில பொறந்தேன், அவ்வளவுதானே?" என்றாள். "பதினெட்டு வருசமா இந்த ஊருக்குச் சோறு போடுறேன். தீயணைப்புப் படைக்கு விடிய விடிய சூப்பு காய்ச்சினது யாரு? ஏவால்ட், உன் பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தி போட்டது யாரு?"

ஏவால்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் நோட்டைப் புரட்டினாள். பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் பேரக் காணோமே, கேப்ஹார்ட்."

என் தலைக்கு மேல் சுவரில் இளவரசர் படம். எங்கள் தேசிய தினமான ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி இளவரசரின் கோட்டைப் புல்வெளியில் பீர் கோப்பையோடு ஒரு வருடம்கூட நான் நிற்காமல் இருந்ததில்லை. எனக்கு இந்த நாடு என்றால் உயிர். அதை விட்டுப் போகிறேன் என்று எழுதிக்கொடுக்க எந்தக் கைக்கு மனம் வரும்? ஆனால் அவள் கடை இல்லாத வியாழக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். அதுதான் தாங்கவில்லை. கதவைத் திறந்தே வைத்திருக்கிற நாடு இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பத்துக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டேன்.

"அடப் பாவி!" என்றார் ஏவால்ட். சொன்ன வாக்கை மீற முடியாமல் தலைநகருக்குத் தொலைபேசியைச் சுழற்றினார். "ஆமா, விலகுறதுக்கு வாக்கெடுப்பு… பேருந்துக்காகத்தான்… பிரிவு நாலு… இல்ல, நான் இன்னும் காலையில குடிக்க ஆரம்பிக்கல."

பதினொன்றேகாலுக்குத் திரும்ப அழைத்தார்கள். நிறுத்தம் இருக்கும். நாலரை மணிக்குக் கூடுதலாக ஒரு வண்டியும் விடுவார்களாம். வெரெனா நோட்டை அங்கேயே கிழித்து என் குப்பைக்கூடையில் போட்டாள். பால்பண்ணைக்காரருக்கு மட்டும் கடற்படை போன வருத்தம் இன்னும் தீரவில்லை.

வியாழக்கிழமை என் தட்டில் வழக்கத்தைவிட இரண்டு கரண்டி அதிகம் விழுந்தது.

"நாட்ட விட்டே போறேன்னு எழுதிக் குடுத்தியே. பேருந்துக்காகவா?" என்று எதிரில் உட்கார்ந்தாள்.

"பேருந்துல நான் என்னிக்கு ஏறினேன்?" என்றேன். காது சுட்டது. சட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். "நீ இந்த நாட்டுக் குடியாக வழி இருக்கு. ஊரே வாக்குப் போட்டுச் சேத்துக்கலாம். இல்லன்னா இந்த நாட்டுக்காரன் ஒருத்தனக் கட்டிக்கலாம். அதுல கல்யாணத்துக்கு அப்புறம் இங்க குடியிருக்கிற ஒவ்வொரு வருசத்தயும் ரெண்டு வருசமாக் கணக்குப் பண்ணுவாங்க."

அவள் என் தட்டிலிருந்தே ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு போதாது. சாப்பாட்டு நேரத்துல சட்டம் பேசுற ஆளோட வாழ்ந்தா, நாலாக் கணக்குப் பண்ணணும்னு எழுதிப் போடு."