வாலு பொறுக்கிய கறுப்புக் கல்

"ரத்தத்துல ஈயம் இருக்கு. எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. அது நிக்காம மருந்து கொடுத்துப் பிரயோஜனம் இல்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் மகள், எல்லோருக்கும் வாலு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். வீட்டில் ஒரு வால்தனமும் இல்லை. அந்த அமைதி எனக்குப் பயமாக இருக்கிறது.

தண்ணீர்க் குழாயை மாற்றினோம். பொம்மைகளை வாரிக் குப்பையில் கொட்டினேன். அடுத்த பரிசோதனையில் ஈயம் ஏறித்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் சுரங்கக் கம்பெனியில் கல் சோதிப்பவர். எவன் எதைக் கொண்டுவந்தாலும் பெயர் சொல்லிவிடுவார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அவரிடமே சொல்லிக்காட்டினேன்.

இன்று துவைக்க எடுத்த அவள் சட்டைப் பையில் ஒரு கறுப்புக் கல் இருந்தது.

"கரியாத்தான் இருக்கும்" என்றபடி வாங்கியவர், கையில் எடை பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கரி இவ்ளோ கனக்காதே."

காந்தத்தைக் காட்டினார், ஒட்டவில்லை. நகத்தால் கீறினார், கோடு விழவில்லை. செப்புக் காசால் கீறியதும் கல்லில் கோடு விழுந்தது. தரை ஓட்டின் சொரசொரப்பான பின்பக்கம் தேய்த்தார். சாம்பல் கறுப்பில் கோடு. துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டினார். உள்ளே வெள்ளி மாதிரி பளபளத்து, குட்டிக் குட்டிச் சதுரக் கட்டிகளாக உடைந்தது. அப்போதே தெரிந்திருக்க வேண்டும் அவருக்கு. ஆனாலும் பழக்கதோஷத்தில் ஒரு துண்டை நாக்குக்குக் கொண்டுபோனார். உப்புக்கல்லைக் கண்டுபிடிக்க அவர்கள் தொழிலில் அப்படித்தான் செய்வார்களாம். நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"ஈயக்கல்லு" என்றார்.

அவளை மடியில் இருத்திக் கேட்டேன், "இது எங்கேடி கிடைச்சுது?"

"அப்பா ஆபீஸ் வாசல்ல."

"வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?"

"டெஸ்ட்டு" என்றாள். அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள். "ஓட்டுல தேச்சேன். அப்புறம் உன்னை மாதிரி நக்கிப் பாத்தேன்பா. ருசியே தெரியல. நான்தான் சரியாப் பண்ணலையோன்னு, தினமும் பண்ணேன்."

டாக்டர் கேட்டது கிடைத்துவிட்டது. இனி மருந்து வேலை செய்யும். நான் நிம்மதியாகியிருக்க வேண்டும். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. அவர் சுத்தியலைக் கீழே வைக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, நான் பண்ணது சரிதானே?" என்றாள் வாலு.