விலக்குக் கடிதம்

கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியின் விளையாட்டு விழாவில், பி.டி. சார் கருத்தக்கண்ணன் தன் கல்விக் கொள்கையைப் பற்றிப் பேசினார். "ஓட முடியாத பிள்ளைன்னு யாருமே இல்ல. பயத்தை எடுத்துட்டா எல்லாப் பிள்ளையும் ஓடும்" என்றபோது பெற்றோர் பலமாகக் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை, ஆறாம் வகுப்பு ஸ்ரீவர்ஷினியின் அம்மா சீதாலட்சுமி ஒரு கடிதத்தோடு வந்தாள். மகளுக்கு பி.டி. வகுப்பிலிருந்து விலக்கு வேண்டுமாம்.

"பிள்ளைக்கு உடம்புக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார். நல்லா ஓடுவா." சற்றுத் தயங்கினாள். "நானும் உங்ககிட்ட படிச்சவதான். நீங்க முன்னாடி இருந்த ஸ்கூல்ல, ஒன்பதாவது. அப்ப குண்டா இருப்பேன். அம்மின்னு பேர் வச்சீங்க. கிளாஸையே உக்கார வச்சு, என்னைய மட்டும் ரெண்டு ரவுண்டு ஓடவிட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பேரு அப்படியே நின்னுபோச்சு."

கருத்தக்கண்ணன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பேரை எத்தனையோ பிள்ளைகளுக்கு வைத்திருந்தார்.

"பெரிய தப்பும்மா. இப்ப நான் அப்படி இல்ல."

"நேத்து நீங்க பேசினதைக் கேட்டேன் சார். நல்லா இருந்துச்சு." குரலில் கோபம் இல்லை. ஆனால் கடிதத்தை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

என்னை நம்புங்கள் என்று கேட்கும் உரிமை தனக்கில்லை என்று அவருக்குப் பட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மூன்றாவது பீரியடில் ஷூ மாட்டிக்கொண்டு வரிசையில் நின்ற ஸ்ரீவர்ஷினியை அவரே லைப்ரரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

"நான் என்ன சார் தப்பு செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யலம்மா," என்றார், தரையைப் பார்த்தபடி. "நான்தான் செஞ்சேன்."